குருவிக்காக வெள்ளையடித்த ஓடை

ஹட்டனில் சைக்கிள் வைத்திருப்பவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஏற்றத்தில் அவர் அதைத் தள்ளுகிறார், இறக்கத்தில் அது அவரைத் தள்ளுகிறது. நடுவில் நிம்மதியாக ஏறி உட்கார்ந்து மிதிக்கிற தூரம் ஐம்பது கஜம் இருந்தால் அதிகம். எங்கள் தெருவுக்குப் பாண் ரொட்டி கொண்டுவருகிறவர் இந்த உண்மையை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. முந்தாநாள் காலை, பனி விலகாத நேரத்தில், பின்னால் பாண் பெட்டியோடு இறக்கத்தில் வந்தவர் எங்கள் வாசலில் பிரேக்கை இறுக்கினார். மெல்லியதாக, ஊசி மாதிரி ஒரு சத்தம். மேலே போய், ஒரு கணம் நின்று, பிறகு இழுத்துக்கொண்டே கீழே வந்தது. நான் படுக்கையிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஐம்பதைத் தாண்டியவன் போர்வையில் கால் சிக்கி ஜன்னல் வரைக்கும் போய் விழுந்தான் என்பதுதான் நடந்தது.

அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்: "என்னங்க, குருவியா?"

"இல்ல. பாண்."

"அப்ப ரெண்டு ராத்தல் வாங்கிருங்க."

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவையாவது ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பாண் வாங்கியதுதான் மிச்சம்.

அந்தக் குருவிக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. புத்தகத்தில் லத்தீனில் இன்னொன்று, வாயில் நுழையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்குப் பெயரே கிடையாது. பெயரில்லாத எதையும் எங்கள் ஆட்கள் இரண்டே வகையில் அடக்கிவிடுவார்கள்: ஒன்று அது பேய், இல்லாவிட்டால் அது துரைக்குச் சொந்தம். இது இருட்டான ஓடைக்குள்ளிருந்து விசில் அடிக்கிறதே தவிர கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் பேய்க் கணக்கில் சேர்ந்தது. நான் மட்டும் சீழ்க்கைக் குருவி என்று பெயர் வைத்துக்கொண்டேன். அதோடு எனக்குச் சனி பிடித்தது.

அப்போது நான் வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் சின்னக் கிளாக்கர். தோட்டத்தின் பெயர் வேண்டாம், பழைய ஆட்கள் யாராவது உயிரோடு இருந்து சண்டைக்கு வரக்கூடும். அறுபதுகளின் நடுப்பகுதி. பூண்டுலோயாப் பக்கத்து லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில் பிறந்து, எஸ்.எஸ்.ஸி. பாஸ் பண்ணி, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். ஆகையால் தலைக்கனம் இருந்தது. அந்தக் கனத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு பெட்டிக் கெமராவும் வந்து சேர்ந்தது. சீமைக்குப் போன ஒரு சின்னத் துரை, எடுத்துப்போக இடமில்லாத சாமான்களை ஆபிஸ் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பெரிய கிளாக்கருக்குச் சுவர்க் கடிகாரம். எனக்குக் கெமரா. கடிகாரம் ஓடவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

அந்தக் கெமராவின் பின்கதவைத் திறந்தால் ஒரு வாசனை வரும். மழையில் நனைந்து காய்ந்த செருப்பையும் சூடத்தையும் ஒரே பெட்டியில் பூட்டி வைத்தது மாதிரி. இன்றைக்கும் செருப்புக் கடைக்குள் போனால் எனக்கு ஓடைதான் ஞாபகம் வருகிறது. செருப்பு வாங்காமலே திரும்பிவிடுகிறேன் என்று மனைவி குறை சொல்வாள். இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, குனிந்து, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். வலது பக்கம் இருப்பது இடது பக்கம் தெரியும். குருவி வலப்பக்கம் நகர்ந்தால் நான் கெமராவை இடப்பக்கம் திருப்புவேன். ஆக, நாங்கள் இருவரும் எப்போதும் ஒருவரை ஒருவர் விட்டு விலகிக்கொண்டே இருந்தோம். ஒரு ரோலில் எட்டுப் படம். அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமானுக்குத் தட்டுப்பாடு. தலவாக்கலையில் ரோல் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும்.

முதலில் குருவியைப் பார்த்ததே தற்செயல்தான். லயத்துப் பீலியில் தண்ணீர் வரவில்லை என்று புகார். நாலாம் நம்பர் மலைக்கு நடுவில் ஒரு ஓடை இறங்கும். அங்கேயிருந்துதான் பீலிக்குக் குழாய். பார்த்து வரச் சொல்லி என்னையும் சுப்பையாக் கங்காணியையும் அனுப்பினார்கள். கங்காணி அந்த மலையில் புல் வெட்டுகிற ஆட்களுக்குப் பொறுப்பு. ஐம்பது வயது, தலைப்பாகை, எதிலும் துப்புரவு. அவர் நடந்துபோன பாதையில் ஒரு களை இருக்காது. குழாய் வாயில் அடைத்திருந்த இலையை அவர் எடுத்துக்கொண்டிருந்தபோது, பத்தடி தள்ளி, தண்ணீருக்கு நடுவில் இருந்த கல்லில் அது வந்து உட்கார்ந்தது. கறுப்பு. இல்லை, கருநீலம். தோளில் மட்டும், பித்தளைக் குடத்தைத் துலக்கின பிறகு ஒரு பக்கம் மின்னுமே, அப்படி ஒரு நீலத் திட்டு. வாலை விசிறி மாதிரி ஒருமுறை விரித்து மூடியது. போய்விட்டது.

"பாத்தீங்களா கங்காணி?"

"எதைங்க?"

"குருவி!"

"எல இன்னும் உள்ள இருக்குங்க. கைய விடுங்க, ஒங்களுக்கு வெரல் நீளம்."

எங்கள் பெரிய துரை வெள்ளைக்காரர். பறவைப் பைத்தியம். கழுத்தில் தூரக்கண்ணாடி, கையில் தடித்த புத்தகம். முப்பது வருஷமாகத் தமிழ் பேசுகிறவர். ஆனால் தோட்டத்தில் கற்ற தமிழ் என்பதால் அதில் கட்டளைக்கு மேலே எதுவும் இருக்காது. மறுநாள் ஆபிஸில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். அதேதான்.

"இது மேலே காட்டுலே இருக்கும். தேயிலைக்குள்ளே வராது. நீ கரிக்குருவி பார்த்தே."

"இல்ல சார். நீலத் திட்டு இருந்திச்சு."

"படம் எடு. கெமரா இருக்குதானே? படம் இருந்தா உன் பேர் போட்டு, தோட்டம் பேர் போட்டு, எங்க பறவைப் பேப்பருக்கு எழுதறேன். படம் இல்லே, குருவி இல்லே."

படம் இல்லே, குருவி இல்லே. அந்த வாக்கியம் எனக்குப் புதிதில்லை. சில வருஷங்களுக்கு முன் என் அப்பாவைப் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பூண்டுலோயாவில் முப்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்த மனிதர். இடையில் ஒரு தடவை திருச்சிப் பக்கம் போனவர் காய்ச்சலில் படுத்து, வருஷம் கடந்துதான் திரும்பினார். அது போதுமே. தொடர்ந்து இங்கேதான் இருந்தாய் என்பதற்கு அத்தாட்சித் துண்டு எங்கே என்றார்கள். அவர் உள்ளங்கையைக் காட்டினார். காய்ப்பு இருந்தது, துண்டு இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி. அதோடு நானும் தள்ளுபடி. பிறந்ததிலிருந்து இந்த மலையை விட்டு இறங்காதவன், எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் இருமிச் சமாளிக்க வேண்டிய நிலை. ஆகையால் துரை சொன்னது எனக்குக் குருவி விஷயமாக மட்டும் படவில்லை. அச்சடித்த ஒரு காகிதம். அதில் என் பெயர். பக்கத்தில் வட்டகொடை. இன்னார் இந்த இடத்தில் இருந்துகொண்டு இன்னதைக் கண்டார் என்று ஒரு வரி. சிரிக்காதீர்கள், எனக்கு அது வேண்டியிருந்தது.

குருவிக்கு விடியலும் அந்தியும்தான் நேரம். எனக்கு விடியலில் பெரட்டு: தப்பு அடித்ததும் ஆட்கள் வந்து நிற்க, பெயர் எழுத வேண்டும். அந்தியில் கொழுந்து நிறுவை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வாசலில் நிற்கிற காவல்காரர்கள் மாதிரி. மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. நாலாம் நம்பருக்குப் போக வேண்டுமானால் இரண்டு லயத்தைக் கடக்க வேண்டும். கெமராவைக் கண்டதும் கதவுகள் திறக்கும். இந்தியாவில், ஊரில் இருக்கிற மாமனுக்கு அனுப்ப ஒரு படம். சடங்கான பெண்ணுக்கு ஒரு படம். இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து எங்களை இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பிரித்துக்கொண்ட பிறகு, போவதற்குள் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவன் கிளாக்கராக இருந்திருக்க மாட்டான். எட்டில் ஏழு லயத்திலேயே போய்விடும். மிஞ்சிய ஒன்றோடு ஓடைக்குள் இறங்கி, ஈரத்தில் குப்புறப் படுத்து, அட்டைகளுக்கு இரத்த தானம் செய்துவிட்டுத் திரும்புவேன். வாரம் தவறாமல் புதருக்குள் போய் வருகிற கல்யாணமாகாத கிளாக்கரைப் பற்றி லயத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கங்காணியின் மனைவி ராக்கம்மா கொழுந்துக் கூடையோடு போகிறபோது முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"கிளாக்கரய்யா, யாரு பொண்ணுன்னு எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க. வீட்ல பேசி முடிச்சிர்றோம்."

"பொண்ணு இல்ல ராக்கம்மா. குருவி."

"குருவிங்குறது செல்லப் பேருங்களா?"

படம் கழுவுவது தலவாக்கலையில் மரியதாஸின் ஸ்டூடியோ. கதவைத் திறந்தாலே மருந்துத் தண்ணீரின் புளித்த நெடி மூக்கில் ஏறும். மரியதாஸ் என் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டுவார்.

"என்னாங்க இது, கரி மூட்டையா?"

"ஓடை."

"ராத்திரியா?"

"காலையில."

"ஓடைக்குள்ள இந்தப் பெட்டி கெமராவுக்கு வெளிச்சம் எங்கங்க பத்தும்? ஒன்னு செய்யலாம். அந்தக் கல்லு மேல ஒரு குருவிய நான் பென்சில்ல போட்டுர்றேன். கல்யாணப் படத்துல மொட்டத் தலைக்கே முடி வச்சவன் நானு."

சொன்னால் வெட்கக்கேடு, ஒரு வாரம் யோசித்தேன். பார்க்கலாமே என்று ஒரு பிரதியில் போட்டும் காட்டினார். அவர் கை நல்ல கைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோழி சாப்பிடுகிற கை. கல்லின் மேல் ஒரு கொழுத்த விடைக்கோழி நின்றது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது துரை இங்கிலாந்துக்கே போகிறார் என்று செய்தி வந்தது. மாத முடிவோடு கடைசி. எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு ரோலைத் தேடிப் பிடித்து, லயத்தைத் தவிர்க்க மலையைச் சுற்றி, கள்ளன் மாதிரி மேல் பாதையில் போனேன். அப்படியும் ஆறு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சம் இரண்டு. ஆனால் இந்தத் தடவை எனக்கு மூளை வேலை செய்தது. குருவி எங்கே வரும் என்று தேடுவதை விட்டுவிட்டேன். அது கடைசியில் எப்போதும் அந்த நடுக் கல்லுக்குத்தான் வருகிறது. மூன்று கம்பை நட்டு, அதில் கெமராவைக் கட்டி, கல்லைப் பார்த்து நிறுத்தி, விசையில் சணல் கயிறு கட்டி, இருபதடி தள்ளிப் பாறைக்குப் பின்னால் இருந்து இழுப்பது. சனிக்கிழமை பின்னேரம் சுப்பையாக் கங்காணி உதவிக்கு வந்தார். வைத்துப் பார்த்தோம். கல் பாதிதான் தெரிந்தது. மேலே பன்னைச் செடி, பக்கத்தில் முள், நடுவில் ஏதோ கொடி. ஒரு படத்தைச் சோதனைக்கு இழுத்துப் பார்த்தேன். மிச்சம் ஒன்று. எரிச்சலில் சொன்னேன்:

"இந்தச் செடி கொடி மட்டும் இல்லேன்னா கங்காணி, படம் எப்பவோ வந்திருக்கும்."

இந்த வாக்கியத்தை நான் என் வாயால் சொன்னேன். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

"அப்படிங்களா," என்றார் கங்காணி. ஓடையை ஒரு பார்வை பார்த்தார். நாவிதர் தலையைப் பார்க்கிற பார்வை.

கெமராவைக் கட்டியபடியே விட்டுவிட்டு இறங்கினோம். மறுநாள் ஞாயிறு. விடியுமுன்னே போய்விட வேண்டும் என்று படுத்தவன், பல நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிவிட்டேன். அரக்கப் பரக்க மலை ஏறினால், தூரத்திலேயே ஏதோ சரியில்லை. நாலாம் நம்பரின் நடுவில் எப்போதும் கறுப்பாக ஒரு கோடு இறங்குமே, அது இல்லை. கிட்டே போனேன். ஓடை குளித்துத் தலைசீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கரையிலும் ஒரு செடி இல்லை, ஒரு கொடி இல்லை. மண் வழித்து விட்டிருந்தது. தண்ணீரில் கிடந்த காய்ந்த இலைகூட அள்ளப்பட்டிருந்தது. நடுக் கல்லுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். பெரிய துரைமார் வருகிறபோது பாதையோரக் கல்லுக்கு அடிப்போமே, அதே சுண்ணாம்பு. கெமராவையும் மூன்று கம்பையும் மட்டும் தொடவில்லை. அதைச் சுற்றி வட்டமாகக் கூட்டிவிட்டிருந்தார்கள். கரையில் பன்னிரண்டு பேர் கத்தியும் மண்வெட்டியுமாக, அவர்களுடைய ஒரே விடுமுறை நாளில், வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். கங்காணி முகத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற களை.

"வாங்க கிளாக்கரய்யா! இப்ப எடுங்க. எந்தக் குருவி வந்தாலும் ஒளியறதுக்கு எடம் கெடையாது."

"அட்டகூட இல்லீங்க," என்றாள் ராக்கம்மா. "உப்பத் தூவி விட்டாச்சு. எத்தன நாளு ரத்தங் குடுப்பீங்க?"

வாய்வரைக்கும் வந்ததை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. "குருவி..." என்றேன்.

"வரும்ங்க. நாங்க மூச்சு விட மாட்டோம். ஏய், எல்லாம் உக்காருங்க!"

பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஒரு மணி நேரம். தோட்டத்தில் அவ்வளவு நிசப்தத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ஒரு காகம் வந்து வெள்ளைக் கல்லில் உட்கார்ந்தது.

"இதுங்களா?" என்று கங்காணி ரகசியமாகக் கேட்டார்.

"இல்ல."

"கறுப்பாத்தானே இருக்கு?"

காகமும் போன பிறகு ராக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தொரகிட்ட நாங்க வேணா வந்து சொல்றோம்ங்க. அந்த விசில் சத்தத்த நாங்க எல்லாருந்தானே கேட்டிருக்கோம்? பன்னண்டு பேரு சொன்னா நம்ப மாட்டாரா?"

கங்காணி சிரித்தார். "நம்ம இங்க பொறந்தோம்னு சொன்னதையே நம்ப மாட்டேங்குறாங்க. குருவிய எங்க நம்பப் போறாங்க? சும்மா இரு புள்ள."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர்களே கேட்டார்கள், வந்ததுக்கு எங்களையாவது ஒன்று எடுங்கள் என்று. கங்காணியும் ராக்கம்மாவும் தண்ணீரில் இறங்கி அந்த வெள்ளைக் கல்லில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். நான் கெமராவை அசைக்கவில்லை. குருவிக்கு வைத்தது வைத்தபடியே இருந்தது. சிரியுங்கள் என்றும் சொல்லவில்லை, அவ்வளவு கோபம். பாறைக்குப் பின்னாலிருந்தே கயிற்றை இழுத்தேன்.

என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே தெளிவான படம் அது. செடி கொடி போய்விட்டதால் வெளிச்சம் தாராளம். மரியதாஸே எழுந்து நின்று கை கொடுத்து, படத்தைப் பெரிதாகவும் போட்டுத் தந்தார்.

துரையிடம் கொண்டுபோனேன். பங்களா முழுக்கப் பெட்டிகள். படத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"குருவி எங்கே?"

"இந்தக் கல்லுலதான் சார் உக்காரும்."

"கல்லுலே கங்காணி இருக்கான்." மறுபடியும் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஆனா ஓடை நல்ல கிளீன். யார் செஞ்சது? வெரி குட்."

போகிற வாரத்தில் அவர் ஆபிஸ் புத்தகத்தில் எழுதிய கடைசி உத்தரவுகளில் ஒன்று: தோட்டத்தின் எல்லா ஓடைகளையும் நாலாம் நம்பர் ஓடை போலத் துப்புரவாக வைக்க வேண்டும். பறவைப் பைத்தியமான மனிதர். பத்து வார்த்தையில் வேலையை முடித்துவிட்டார். அதை எல்லா டிவிசனுக்கும் பிரதி எடுத்து அனுப்பியவன் நான். என் கையெழுத்து அப்போது முத்து முத்தாக இருக்கும். அடுத்து வந்த துரை ஓடை விளிம்பு வரைக்கும் தேயிலை நட்டார். பீலியில் தண்ணீர் ஒரு விரல் கனத்துக்குச் சுருங்கியது. அதற்கும் புகார் வந்தது. அதையும் நான்தான் பதிவு செய்தேன். விசில் சத்தம் வரவில்லை என்று மட்டும் யாரும் புகார் கொடுக்கவில்லை. பேய் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டார்கள்.

சில வருஷம் கழித்து சுப்பையாக் கங்காணி குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகிற காகிதம் வந்தது. ஃபாரத்தில் ஒட்டப் படம் வேண்டுமாம். ஒருநாள் ஆபிஸ் வாசலில் வந்து நின்று, அந்த ஓடைப் படத்தை இரண்டு நாளைக்குத் தாருங்கள் என்றார். கொடுத்தேன். சொன்ன மாதிரி இரண்டாம் நாள் பழைய பேப்பரில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ரெண்டு தல மட்டும்தாங்க வெட்டி எடுத்துக்கிட்டோம். மிச்சமெல்லாம் அப்படியே பத்திரமா இருக்கு."

அவர் கத்தரித்ததில் பிசிறு கிடையாது. களை எடுத்த மாதிரியே. வட்டகொடை ஸ்டேஷனில் கோச்சி கிளம்புகிறபோது ராக்கம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "குருவி வந்தா கடுதாசி போடுங்க!" எந்த விலாசத்துக்கு என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. மற்றப் பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக அதே ஸ்டேஷனில் ஏறினார்கள். எனக்குப் பின்னொரு காலத்தில் இங்கேயே இருக்கலாம் என்று ஒரு துண்டு கிடைத்தது. அதில் என் பெயர் சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது. அலுமாரியில் கிடக்கிறது.

முந்தாநாள் பாணை மேசையில் வைத்துவிட்டு அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். ஓடை இருக்கிறது, மண் வழித்த கரை இருக்கிறது, வெள்ளைக் கல் பளிச்சென்று இருக்கிறது. கல்லின் மேல் இரண்டு உடம்பு, கழுத்துக்கு மேலே சுத்தமாக இரண்டு ஓட்டை. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஒரு ஓட்டையில் எங்கள் தெருவின் இறக்கம் தெரிந்தது. மற்றதில் பாண்காரர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தார்.